பதினைந்து விநாடிக்கொரு முறை

முதலில் ஒரு சொற்குழப்பத்தைச் சொல்லிவிடுகிறேன்.
எங்கள் சர்க்யூட் பிரேக்கர்
திறந்திருக்கிறது என்றால்
யாரும் போக முடியாது.
மூடியிருக்கிறது என்றால்
எல்லாரும் போகலாம், வரலாம்.
வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம்
இதைத் தலைகீழாகப் படித்து
நிம்மதியாகத் தூங்கியவள் நான்.

தோர்ஷவ்ன், நவம்பர்.
மூன்றரை மணிக்கே வெளிச்சம் கிளம்பிவிடும்.
மழை இங்கே மேலிருந்து பெய்வதில்லை,
பக்கவாட்டில் வந்து காதைப் பிடிக்கும்.
நாங்கள் ஏழு பேர், ஒரு காபி இயந்திரம்,
தீவுக்குத் தீவு படகிலும் ஹெலிகாப்டரிலும்
இருக்கை பதியும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்,
அது ஓடும் நான்கு சர்வர்கள்.
வங்கி, வானிலை, துறைமுகம், குறுஞ்செய்தி,
வெளியே போகும் ஒவ்வொரு அழைப்புக்கும்
வாசலில் ஒரு பிரேக்கர்.
பத்தில் ஐந்து தோற்றால் வழியை அறுத்துவிடும்.
முப்பது விநாடி கழித்துப்
பாதி மனதோடு
ஒரே ஒரு அழைப்பை அனுப்பிப் பார்க்கும்,
குளிர்கடலில் கட்டைவிரலை மட்டும் நனைப்பவர்போல.

பதினைந்து விநாடிக்கொரு முறை
கணக்கெடுக்க ஒரு நிரல் வந்து தட்டும்.
எத்தனை போனது, எத்தனை தோற்றது,
எத்தனை காத்திருந்தே செத்தது,
எத்தனையை வாசலிலேயே திருப்பினாய்?
சொன்னதை வாங்கிக்கொண்டு போகும்.
ஏன் என்று கேட்காது.
சுவர்த்திரையில் அது பச்சைக் கோடாக நகரும்.
ரோய்க்கு அந்தக் கோடுகள் பிடிக்கும்,
ஆடு மேய்வதைப் பார்ப்பதுபோல என்பான்.

புதன்கிழமை ஒரு பெண் அலுவலகத்துக்கே வந்தாள்.
மார்யுன், ஃபுக்லோய் தீவுக்காரி.
கம்பளிச் சட்டையிலிருந்து தரையில் நீர் சொட்டியது.
"மூன்று புதன்களாக
இடமில்லை என்கிறது உங்கள் பக்கம்.
மூன்று புதன்களும்
என் கூரைக்கு மேலே
காலி இருக்கைகளோடு பறந்தது ஹெலிகாப்டர்.
பல் வைத்தியரிடம் போகத்தான் கேட்டேன்.
இனி வேண்டாம். பல்லை நானே பிடுங்கிவிட்டேன்."

ரோய் சுவரைக் காட்டினான்.
எல்லாம் பச்சை.
அவள் சுவரைப் பார்த்தாள்,
பிறகு எங்களைப் பார்த்தாள்.

இரவு தேடினேன்.
ஹெலிகாப்டர் வாசலிலும் ஒரு பிரேக்கர் இருந்தது.
நல்லெண்ணத்தில் யாரோ எழுதியது.
(யாரோ அல்ல. தேதியும் என் பெயரும் அருகருகே இருந்தன.)
கணக்கெடுப்பில் மட்டும் அதைச் சேர்க்கவில்லை.
அழைப்பு தோற்றால் சொல்ல
ஒரு மாற்று விடை வைத்திருந்தது:
வெற்றுப் பட்டியல்.
வெற்றுப் பட்டியலை
இருக்கை இல்லை என்று படித்தது பக்கம்.
பிழை இல்லை, தாமதம் இல்லை,
கேட்ட கணமே கிடைத்த பொய்.
அந்த வேகம் எங்கள் சராசரியைக்கூடக்
கொஞ்சம் அழகாக்கியிருந்தது.

ஒரு வரி சேர்த்தேன்.
மாற்று விடைக்குத் தனி எண்ணிக்கை,
ஆரஞ்சு நிறம்.
புயலில் படகுகள் நின்ற இரவு அது.
பதினைந்தாவது விநாடியில்
கோடு தரையைவிட்டு எழுந்தது.
முப்பதாவதில் இன்னும் உயர்ந்தது.
அத்தனை பேர், எந்தெந்தத் தீவிலோ,
இல்லை என்ற சொல்லை வாங்கிக்கொண்டு
விளக்கை அணைத்துக்கொண்டிருந்தார்கள்.

பின்னோக்கிப் போனால்
அங்கே பூஜ்யம்கூட இல்லை.
பூஜ்யம் என்றால்
யாரோ எண்ணிப் பார்த்தார்கள் என்று அர்த்தம்.
இது வெறும் வெள்ளை.

காரணம் அற்பமானது.
ஹெலிகாப்டர் நிறுவனம் தன் இணைய முகவரியை
அக்டோபரில் மாற்றியிருக்கிறது.
அறிவிப்பு ரோயின் பெட்டியில்,
படிக்காத நானூற்றில் ஒன்றாக.
ஒன்றரை மணிக்குத் திருத்தினேன்.
பிரேக்கர் பாதி திறந்தது.
ஓர் அழைப்பு போனது.
யாருடையது என்று கோட்டுக்குத் தெரியாது,
எனக்கும் தெரியாது.
காபி ஆறிப் போயிருந்ததை
அப்போதுதான் கவனித்தேன்.
போன அழைப்பு திரும்பி வந்தது, நான்கு இருக்கைகளோடு.
பிரேக்கர் மூடிக்கொண்டது,
அதாவது, வழி பிறந்தது.

காலையில் மார்யுனுக்கு மன்னிப்புக் கடிதம்.
தங்களுக்கு நாங்கள்
இத்தனை முறை தவறான தகவல் தந்தோம்,
என்று எழுதும் இடத்தில் கை நின்றது.
நான்கு சர்வர்களிலும் அந்த எண் இல்லை.
மூன்று என்று எழுதினேன்.
அது அவள் எண்ணியது.